கொடிக்குக் கொடி நடுவில்

காட்டின் வாசலில் என்னை இறக்கிவிட்ட என் கணவர் பைக்கை அணைக்கவே இல்லை. அணைத்துவிட்டு நின்றால் அவருடைய அண்ணனின் கார் வந்து சேர்ந்துவிடும், முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

“இன்னிக்காவது கேட்டுடு,” என்றார். “அண்ணிகிட்ட சண்டை போடாம கேளு.”

“நான் எப்பங்க சண்டை போட்டிருக்கேன்?”

அவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க யார் யாரோ காதில் கத்துவார்கள். நான் தேன் தடவிய குரலில் “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அங்கே விழுங்கியதையெல்லாம் வீட்டில்தான் கொட்டியாக வேண்டும். அதனாலேயே என் ஓரகத்தி எனக்குப் ‘பட்டாசு’ என்று பெயர் வைத்தாள்.

ஓரகத்தி என்று மற்றவர்களுக்குச் சொல்வதோடு சரி. எனக்கு அவள் அக்கா. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். அவள் மாடியில், நான் கீழே, அடுப்பு மட்டும் ஒன்று. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்த எனக்கு, கல்யாணத்தில் கிடைத்ததிலேயே நல்ல சாமான் அவள்தான் என்று என் கணவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

வருடத்துக்கு ஒரு முறையாவது நானும் அக்காவும் இந்தப் போட்டிக்கு வந்துவிடுவோம். காலையில் ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். படத்தில் வட்டம் போட்ட இடங்களிலெல்லாம் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கொடி தொங்கும். எதை எடுப்பது, எதை விடுவது, எந்த வழியாகப் போவது என்பதெல்லாம் அவரவர் சாமர்த்தியம். பக்கத்துக் கொடிக்குப் புள்ளி குறைவு, தூரத்துக் கொடிக்கு அதிகம். மாலையில் சங்கு ஊதுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இரண்டு பேர் ஓர் அணி, பிரியவே கூடாது. கொடிக்குக் கீழே சின்னதாக ஒரு பெட்டி இருக்கும். விரலில் மாட்டிய சிப்பை இரண்டு பேரும் அதில் வைக்க வேண்டும். ஒருத்தி வைத்து, பெட்டியின் விளக்கு அணைவதற்குள் இன்னொருத்தி வைக்காவிட்டால் அந்தக் கொடி கணக்கில் சேராது.

அக்கா ஆயத்த ஆடை ஆலையில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டை அச்சை நகர்த்தி நகர்த்தி வைத்து, ஒரு துண்டும் வீணாகாமல் வெட்டுவது அவள் வேலை. வரைபடத்தையும் துணியைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள். அதனால் படம் எப்போதும் அவள் கையில், திசைகாட்டி என் கையில்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. முதல்முதலாக வந்த போட்டியில், மாமனாரின் பல்செட்டை யார் எங்கே வைத்தது என்று வாதாடிக்கொண்டே ஒரு குளத்தைச் சுற்ற ஆரம்பித்தோம். சுற்றினோம், சுற்றினோம், சுற்றிக்கொண்டே இருந்தோம். கடைசியில் எங்களைத் தேடிக்கொண்டு ஆள் வந்தது. வீட்டுக்கு வந்ததும் மாமனார் வாய் நிறையப் பல்லோடு சிரித்தார். பல்செட் அவர் தலையணைக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. அன்றைக்கு அக்கா சட்டம் போட்டாள். கொடிக்குக் கொடி நடுவில் வீட்டுப் பேச்சு கிடையாது. மேடு, பள்ளம், இடது, வலது, கால் பார்த்து வை, அவ்வளவுதான். கொடியைத் தொட்ட பிறகு தண்ணீர் குடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

எங்கள் வீட்டின் பெரிய விஷயங்கள் எல்லாம் அப்படிக் கொடிகளுக்குக் கீழே பேசி முடித்தவைதான். என் வயிற்றில் குழந்தை தங்கவில்லை என்று நான் வாய்விட்டு அழுததும் ஒரு கொடிக்குக் கீழேதான். அன்றைக்கு அக்கா என்னைத் தூக்கி நிறுத்தி, மூக்கைத் துடைத்துவிட்டு, “வா, அடுத்த கொடிக்குப் போய் மிச்சத்தை அழலாம்” என்றாள்.

இந்த முறை நான் பேச வந்தது வேறு விஷயம்.

போன மழைக்காலத்தில் மாமனாருக்குக் குடல் அடைத்துக்கொண்டது. மூத்தவர், அதாவது அக்காவின் கணவர், அண்ணனும் தம்பியும் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ஒரு மிஷின் பார்க்க வெளியூர் போயிருந்தார். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். மூத்தவர் ஆஸ்பத்திரியில் இருந்த அக்காவுக்குப் போன் செய்து, தான் வந்து சேரும்வரை கத்தி வைக்க விட வேண்டாம், அப்பாவின் இதயம் தாங்காது, தம்பியிடம் சொல்லிவிடு என்றார். அக்கா சொல்லவில்லை. மாமனார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடித்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் துடிப்பைப் பார்த்துக்கொண்டு ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. என் கணவர் வேலையிலிருந்து ஓடி வந்தார், டாக்டர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மாமனார் அதன் பிறகு கண் விழிக்கவில்லை.

மூத்தவர் வந்து பார்த்தது முகத்தை மட்டும்தான். “அவ்வளவு சொல்லியும் கேக்கலையேடா” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியைப் பார்த்துச் சொன்னார். தம்பியிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே என்னிடம் உண்மையைச் சொன்னாள். நான் என் கணவரிடம் சொன்னேன்.

“நான் போய்ச் சொன்னா அண்ணியைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். அவங்க வாயாலதான் வரணும்,” என்றார். இந்த மனிதரின் பொறுமையைப் பார்த்தால் எனக்குச் சில சமயம் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும். காத்திருந்தார். அச்சகத்தில் அண்ணன் ஒரு மிஷினுக்கு முன்னால், தம்பி ஒரு மிஷினுக்கு முன்னால். நடுவில் பைண்டிங் செய்கிறவர் இருவருக்கும் வாயாக இருந்தார். “பேப்பர் வந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லு.” “மை தீந்துடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லு.” அவர் என்னிடம், “அம்மா, புத்தகம் தைக்கிற கைம்மா இது, இதைத் தைக்க முடியல” என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டார். மாடியில் தனி அடுப்பு வந்தது. இப்போது மூத்தவருக்குத் தூரத்து நகரம் ஒன்றில் வேலை கிடைத்து, அடுத்த வாரம் கிளம்புகிறார்கள். கொஞ்ச நாளாக எங்கள் தலைக்கு மேலே பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் வரும்போதெல்லாம் என் கணவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி மேலே பார்ப்பார்.

அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் படி இறங்கி வந்துவிடுவார் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். வீட்டில் அவளைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. இந்தப் போட்டியில் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

வரைபடம் கொடுத்ததும் அக்கா புல்லில் அதை விரித்து, தையல் நூலை எடுத்தாள். எப்போதும் அப்படித்தான், கொடிக்குக் கொடி குண்டூசி குத்தி, நூலை வளைத்து வைத்துத் தூரம் பார்ப்பாள். வழக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கொடிகளாக ஒரு கொத்தைப் பிடித்து, அறுவடை செய்வது போல வாரிக்கொண்டு வருவோம். இந்த முறை நூல் அந்தக் கொத்துப் பக்கமே போகவில்லை. நேராகக் காட்டின் மறுகோடிக்குப் போனது.

“ஏன்க்கா, பழம் மாதிரி இத்தனை கொடி தொங்குது, எல்லாத்தையும் விடுற?”

“பெரிய கொடிங்க எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு. இந்த வாட்டி ஜெயிக்க வேணாமா?”

ஜெயிப்பது என்ற வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது. கடைசிப் போட்டி, ஒரு கோப்பையாவது மிஞ்சட்டும் என்று நினைத்துக்கொண்டேன். காரில் உட்கார்ந்திருந்த மூத்தவர் கண்ணாடியை இறக்கி, “தண்ணி எடுத்துக்கிட்டீங்களாம்மா?” என்று என்னைக் கேட்டார். நான் மாமா என்று கூப்பிடும் அவர் என்னிடம் எப்போதும் நன்றாகத்தான் பேசுவார்.

முதல் கொடி ஒரு பழைய கல்குவாரியின் விளிம்பில் இருந்தது. வந்து சேரவே நாக்குத் தள்ளிவிட்டது. விரலை வைத்தோம், பெட்டி இரண்டு முறை ‘பீப்’ என்றது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி, “அக்கா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றேன்.

“வெயில் ஏறுறதுக்குள்ள ஓடையைத் தாண்டிடணும். வா, வா.”

இரண்டாவது கொடியில் எங்களுக்கு முன்பே ஓர் அணி உட்கார்ந்திருந்தது. பல் டாக்டரும் அவருடைய கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண்ணும். வருடா வருடம் பார்க்கும் முகங்கள். “என்னம்மா, பல்லைக் கடிச்சுக்கிட்டே ஓடி வர்றீங்க, எங்கிட்டதான் வந்து நிப்பீங்க பாருங்க,” என்று சிரித்தார். அவர்கள் கிளம்புவதற்குள் அக்கா கிளம்பிவிட்டாள்.

மூன்றாவது கொடியில் அவள் உட்காரவே இல்லை. குடித்த தண்ணீரை விழுங்குவதற்கு முன்பே படத்தைத் திருப்பி, “நேரா மேற்கு, ஏறிக்கிட்டே போகணும்” என்றாள்.

அந்த ஏற்றத்தில்தான் எனக்கு உறைத்தது. கொத்துக் கொத்தாகக் கொடிகளை எடுத்திருந்தால் நாங்கள் இந்நேரம் எத்தனையோ முறை நின்றிருப்போம். எத்தனையோ முறை பேச இடம் கிடைத்திருக்கும். அவள் வேண்டுமென்றே தூரத்துக் கொடிகளாகப் பொறுக்கி, நடுவில் பேசக் கூடாத தூரத்தை அள்ளிப் போட்டு வைத்திருக்கிறாள். எங்கள் சட்டத்தை எடுத்து எனக்கே பூட்டாகப் போட்டுவிட்டாள். ஜெயிக்க வேண்டுமாம், ஜெயிக்க! எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. முன்னால் ஏறிக்கொண்டிருந்த அவள் முதுகைப் பார்த்து வாய்க்குள்ளேயே திட்டினேன். ஆனால் சட்டத்தை மீறவில்லை. அது மட்டும் ஏனோ முடியவில்லை.

போட்டியிலேயே பெரிய கொடி அந்தக் குன்றின் பின்பக்கம், இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருந்தது. வேறு ஒருவரும் அங்கே வந்த சுவடு இல்லை. அக்கா விரலை வைத்தாள். ‘பீப்’. பெட்டியின் சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது.

“வை,” என்றாள்.

நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“என்ன விளையாட்டு இது? சீக்கிரம் வை.”

“நீ பேசு. வைக்கிறேன்.”

“எல்லாத்தையும்விடப் பெரிய கொடிடி இது!”

“தெரியும். அதனாலதான்.”

அவள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். “சரி, கேளு” என்று பாறையில் சாய்ந்துகொண்டாள்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போய், வாய்க்கு வந்ததைக் கொட்டினேன். “மாமாகிட்ட சொல்லிடுக்கா. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை. ‘நான்தான் தம்பிகிட்ட சொல்லல, அவன் மேல தப்பில்ல’ன்னு. கோபப்படுவார். படட்டும். ரெண்டு நாள் சாப்பிட மாட்டார், முகம் குடுத்துப் பேச மாட்டார். அப்புறம் சரியாயிடும். பொண்டாட்டியை எத்தனை நாளைக்கு விட்டு வைக்க முடியும் அவரால? ஆனா தம்பியை மொத்தமா விட்டுட்டாரே. இவர் உன்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கார். மேல நீ பெட்டியை இழுக்குறப்பல்லாம் அவர் முகத்தை நீ பாத்ததில்லக்கா. நான் பாக்குறேன்.”

“சொல்லிட்டேன்,” என்றாள் அக்கா.

“என்ன?”

“அன்னிக்கே சொல்லிட்டேன். உங்கிட்ட சொல்லிட்டு மேல போனேன் இல்ல, கதவைச் சாத்திட்டு அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

பெட்டியின் விளக்கு அணைந்தது. நாங்கள் இருவரும் அதைக் கவனித்தோம்.

“அப்ப மாமாவுக்குத் தெரியும்,” என்றேன்.

“தெரியும்.”

“இத்தனை நாளா தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருக்கார்.”

“ம்.”

“என்ன சொன்னார்?”

அக்கா கையில் இருந்த படத்தை மடித்தாள், பிரித்தாள். “அப்படியே தரையில உக்காந்துட்டார். அப்புறம், ‘எனக்கு யார் மேலயாவது கோபப்பட்டே ஆகணும், இல்லேன்னா மூச்சு முட்டிச் செத்துடுவேன்’னார். ‘உம்மேல கோபப்பட்டா அப்புறம் நான் எங்க போய்ப் படுப்பேன்? அது அவன் மேலயே இருந்துட்டுப் போகட்டும்’னார்.”

“நீயும் சரின்னுட்டியா?”

“தம்பி பாவம்னு சொல்லி அழுதேன். ‘அப்ப அவனுக்குப் பதிலா நீ என்னை விட்டுப் போறியா?’ன்னு கேட்டார். மிரட்டிக் கேக்கல, பட்டாசு. அவரும் அழுதுக்கிட்டேதான் கேட்டார். நான் பேசாம இருந்துட்டேன்.”

“அதாவது உன் புருஷனைக் காப்பாத்திக்க என் புருஷனைத் தூக்கிக் குடுத்துட்ட.”

“ஆமா,” என்றாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அந்த ‘ஆமா’வை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. புகார்ப் பிரிவில்கூட யாரும் என்னிடம் அப்படி ஒப்புக்கொண்டதில்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நான் ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் சரியாயிடும்னு நீயும் தம்பியும் நம்பிக்கிட்டு இருந்தீங்க. உங்ககிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நானே எப்படிப் பிடுங்குவேன்?”

“அதுக்காக என்னைக் காடு முழுக்க ஓடவிட்டியா?”

“கேக்காம விட்டுடுவியோன்னு பாத்தேன்.”

நான் விரலைப் பெட்டியில் வைத்தேன். காலம் கடந்த ‘பீப்’ ஒன்று வந்தது. பிறகு கழுத்தில் தொங்கிய திசைகாட்டியைக் கையில் எடுத்து, அதைச் சரியாகப் பார்க்காமலேயே நடக்க ஆரம்பித்தேன். பிரியக் கூடாது என்பது விதி என்பதால் அவளும் பின்னால் வந்தாள். அவள் செருப்புக்குப் பதில் ஷூ போட்டுப் பழகிய முதல் நாளிலிருந்தே கொஞ்சம் காலைத் தேய்த்து நடப்பாள். அந்தத் தேய்க்கும் சத்தம் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியாது. என் மனம் முழுக்க மூத்தவர்தான் இருந்தார். தெரிந்துகொண்டே, அச்சகத்தில் தம்பிக்கு முதுகைக் காட்டி நின்று, “அவன்கிட்ட சொல்லு” என்று பைண்டரை அனுப்பியிருக்கிறார். என் கணவர் ஒவ்வொரு நாளும் காலையில் அண்ணன் மிஷினையும் சேர்த்துத் துடைத்து வைப்பார், அண்ணன் என்றைக்காவது ‘ஏன்டா’ என்றாவது கேட்பார் என்று. கேட்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்ட மனிதரிடம் இவர் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

திடீரென்று ஒரு முள்கம்பி வேலி எதிரில் வந்தது. வரைபடத்தின் விளிம்பில் தடித்த கோடாகப் போட்டிருந்த எல்லை வேலி. திசைகாட்டியைப் பார்த்தேன். சிவப்பு முனையை வைத்துப் போக வேண்டியவள் வெள்ளை முனையை வைத்து, முடிவுக் கோட்டுப் பக்கம் போகாமல் நேர் எதிர்ப்பக்கம் வந்திருக்கிறேன். இந்தத் தவறை நான் முதல் போட்டியில்கூடச் செய்ததில்லை.

திரும்பிப் பார்த்தேன். அக்கா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உனக்குத் தெரியும்தானே, தப்பா போறோம்னு?”

“தெரியும்.”

“மேடு பள்ளம் பேசலாம்தானே! வழி தப்புன்னா சொல்லலாம்தானே! வாயில என்ன பூட்டா?”

“உன்னைப் பாத்து ‘நீ தப்பா போற’ன்னு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்றது?”

அவ்வளவுதான். நான் அந்த வேலியோரமாகவே உட்கார்ந்துவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி கால்களை நீட்டிப்போட்டுக்கொண்டு அழுதேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அக்கம்பக்கத்தில் கொடி எதுவும் இல்லை. இருந்தும் நான் அவளை வாயார வைதேன். சுயநலக்காரி என்றேன், கோழை என்றேன், என் வீட்டுக்காரர் உன்னை அம்மா மாதிரி நினைத்தாரே என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். திட்டி முடித்தபோது என் தலை அவள் தோளில்தான் இருந்தது. அவள் கையில் துணியில் கோடு போடும் சாக்பீஸ் வாசனை அடித்தது. அவளை வெறுக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. முடியவில்லை.

“போய்ட்டா போன் பண்ணுவியா?” என்றேன்.

“பண்ணுவேன். நீ எடுப்பியா?”

தூரத்தில் சங்கு ஊதியது. நேரம் முடிந்துவிட்டது. அக்கா எழுந்து, படத்தைத் திருப்பி, “ஓடையைப் பிடிச்சா நேரா போயிடலாம்” என்று முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

மரங்களுக்கு வெளியே வந்தபோது கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சரிவின் மேலிருந்து பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணனும் தம்பியும். வண்டிகளை மைதானத்தின் இரண்டு மூலைகளில் நிறுத்தியிருந்தவர்கள், எங்களைக் காணவில்லை என்றதும் ஒரே இடத்துக்கு வந்து நின்றிருக்கிறார்கள். இருவரும் ஒரே மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒரே பக்கமாகக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடையில் இரண்டு எட்டு தூரம்தான் இருக்கும்.

“ஆளை அனுப்ப இருந்தோம், நீங்களே வந்துட்டீங்க,” என்றார் மேசையில் இருந்தவர். “இவ்வளவு லேட்டுக்குப் புள்ளி எல்லாம் போச்சும்மா.”

“போகட்டும் சார்,” என்றேன்.

மூத்தவர் அக்காவின் பையை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, “கால்ல கையில அடி ஒண்ணும் படலையேம்மா?” என்றார்.

“இல்ல மாமா.”

நான் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. முகம் ஒரு மாதிரி சுருங்கியது; குனிந்து பையின் வாரைச் சரி செய்துகொண்டார். பக்கத்தில் நின்ற தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. “வா,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். அக்கா என் விரலிலிருந்த சிப்பைத் தானே கழற்றி மேசையில் வைத்தாள். “வரேன் பட்டாசு,” என்றாள். “பாத்துப் போக்கா,” என்றேன்.

கார் போகும்வரை என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

“பாத்தியா? அண்ணன் என் பக்கத்துல வந்து நின்னார்.”

“பாத்தேன்.”

“‘இந்நேரம் வந்திருக்கணுமே’ன்னார். என்னைப் பாத்துச் சொல்லல, காட்டைப் பாத்துதான் சொன்னார். ஆனா அங்க வேற யாரு இருந்தா? நான்தானே நின்னேன்?” ஹெல்மெட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். “மனசுக்குள்ள பாசம் அப்படியேதான் இருக்கு. விஷயம் தெரியாததுதான். தெரிஞ்சா ஒரு நிமிஷம் நிக்க மாட்டார், ஓடி வந்துடுவார். அண்ணிகிட்ட கேட்டியா?”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அண்ணனுக்கு எல்லாம் தெரியும், அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் உங்களை வேண்டாம் என்று வைத்திருக்கிறார் என்று. அவர் அதே வெளிச்சத்தோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டேன்,” என்றேன். “சொல்ல மாட்டாளாம்.”

“ஏன்?”

“பயமாம். மாமா கோபப்படுவாராம்.”

“அவ்வளவுதானா? அதுக்குத்தானா?”

“அவ்வளவுதான்.”

அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். பைக்கைக் கிளப்பினார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, அவர் அக்காவைத் திட்ட ஆரம்பித்தார். “அண்ணி அண்ணின்னு எவ்வளவு நம்பினேன். நெஞ்சழுத்தக்காரி. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. தன் சொகம்தான் பெருசாப் போச்சு. பாவம் அண்ணன், ஒண்ணும் தெரியாம தம்பியைத் தொலைச்சுட்டு நிக்கிறார். இனிமே அவங்க முகத்துல முழிக்காதே நீ. போன் வந்தாலும் எடுக்காதே.”

“சரிங்க,” என்றேன்.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். காற்றில் பாதி எனக்குக் கேட்டது, பாதி கேட்கவில்லை. நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, கேட்டதற்கும் கேட்காததற்கும் “ஆமாங்க, ஆமாங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.